31 உப்புப் பாக்கெட்டுகள்

எங்கள் பகுதியில் கஷ்டப்படுகிற குடும்பங்களுக்குக் கொடுக்க நாங்கள் சிலர் சேர்ந்து, முதல் முறை தெருத்தெருவாகப் போய் உணவுப் பொருள் சேர்த்த அன்று இரவு எண்ணிப் பார்த்தோம். உப்பு மட்டும் 31 பாக்கெட், ஒவ்வொன்றும் ஒரு கிலோ. கொடுத்தவர்கள் மேல் தப்பில்லை. வாசலில் நாலு பேர் பையோடு வந்து நிற்கிறார்கள், பிரிக்காத பாக்கெட் ஏதாவது இருக்கிறதா என்று அலமாரியில் கை துழாவுகிறது, முதலில் அகப்படுவது உப்பு. "சமையலுக்கு ஏதாவது கொடுங்கள்" என்று நோட்டீஸில் அச்சடித்தது நாங்கள்தான். ஏதாவது என்று கேட்டால் ஏதாவதுதான் வரும்.

பெரியவர் ஒருவருக்கு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாலு பேர் இருக்கிற வீட்டுக்கு 20 கிராம் என்று வைத்தால் ஒரு கிலோ 50 நாள் வரும். 31 கிலோ என்றால் ஒரு குடும்பத்துக்கு நாலு வருடத்துக்கும் மேல். எங்கள் பட்டியலில் அன்று 14 குடும்பங்கள் இருந்தன. எண்ணெய் வந்தது மூன்றே பாட்டில்.

மூன்று பாட்டிலை 14 பைக்கு எப்படிப் பங்கு போடுவது என்று ராத்திரி பத்தரை வரை பேசினோம். கடைசியில் எங்களில் ஒருவர் கைக்காசு போட்டு மீதி எண்ணெயை வாங்கி வந்தார். அடுத்த மூன்று மாதமும் அதே கதைதான். வருவதை வாங்கிக்கொள்வது, குறைவதை எங்கள் பையிலிருந்து வாங்கி ஒட்டுப்போடுவது. இப்படி நடத்தினால் ஆறு மாதத்தில் குழு கலைந்துவிடும். நாங்களும் கிட்டத்தட்ட கலைந்தோம்.

இப்போது மூன்று வருடம் ஆகிறது. தங்கள் பகுதியில் இப்படி ஒன்றை ஆரம்பிக்க நினைப்பவர்கள் அவ்வப்போது வந்து பேசுவார்கள். எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: எப்படி இவ்வளவு சேர்க்கிறீர்கள்? சேர்ப்பது சுலபம் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். ஆனால் அதுதான் உண்மை. நேரில் போய்க் கேட்டால் பெரும்பாலானவர்கள் கொடுக்கிறார்கள். எங்களைத் திணறடித்ததெல்லாம் வாங்குகிறவர் வீட்டுக்குள் இருந்தது. அதை ஒரு அம்மா வந்து சொல்லும்வரை எங்களுக்குத் தெரியவில்லை.

அறுபது வயதுக்கு மேல் இருக்கும் அவருக்கு. இரண்டாவது மாதம், பை கொடுக்கிற நாளில், வரிசையில் நிற்காமல் ஓரமாகக் காத்திருந்தார். கூட்டம் குறைந்ததும் வந்து, போன மாதம் வாங்கிய பையை அப்படியே மேஜைமேல் வைத்தார். முடிச்சுகூட அவிழ்க்கவில்லை.

"தப்பா நினைக்காதீங்க தம்பி. இதை வச்சு நான் என்ன பண்ண? என் ரூம்ல அடுப்பு கிடையாது. தண்ணி சுட வைக்கிற கெட்டில் ஒண்ணுதான் இருக்கு."

பையைப் பிரித்துப் பார்த்தேன். அரிசி, பருப்பு, மாவு, உப்பு. கெட்டிலில் வேகக்கூடியது ஒன்றுகூட இல்லை. "போன தடவையே சொல்லியிருக்கலாமே அம்மா" என்றேன். "இலவசமா குடுக்கறீங்க, அதுல போய்க் குறை சொல்றதா?" என்றார். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று சும்மா சொல்லிக்கொண்டிருப்போம். ஒரு மாதம் அந்தப் பையைக் கட்டில் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெறும் வயிற்றோடு படுத்திருக்கிறார் ஒருவர். நல்லது செய்துவிட்ட திருப்தியில் நாங்கள் தூங்கியிருக்கிறோம்.

அந்த வாரமே எல்லா வீட்டிலும் நாலு கேள்வி கேட்டோம். எத்தனை பேர் சாப்பிடுகிறீர்கள்? எதில் சமைக்கிறீர்கள்? ஒரு வயதுக்குக் கீழே குழந்தை உண்டா? சாப்பிடவே கூடாதது ஏதாவது உண்டா? அவ்வளவுதான். வருமானச் சான்று, அடையாள அட்டை எதுவும் கேட்கவில்லை. கேட்கச் சொல்லி குழுவிலேயே இரண்டு பேர் பிடிவாதம் பிடித்தார்கள், ஏமாற்றுகிறவர்கள் வருவார்களாம். வரட்டும் என்றேன். ஒரு பைக்காக வெட்கத்தை விட்டு வந்து நிற்கிறவர் பெரும்பாலும் தேவையோடுதான் வருகிறார். நூறில் ஒருவர் ஏமாற்றினால் போவது ஒரு பை. சான்று கேட்டால் வராமலே போகிறவர்கள் எத்தனை பேர் என்று நமக்குக் கடைசிவரை தெரியாது.

பதில்கள் எங்களை உட்கார வைத்துவிட்டன. 14 வீட்டில் மூன்றில் ஒழுங்கான அடுப்பு இல்லை. அடுப்பு இருக்கிற இன்னொரு வீட்டில் மாதக் கடைசியில் எரிபொருள் தீர்ந்துவிடும், ஆகவே ஒரு மணி நேரம் வேக வேண்டிய பருப்பு அவர்களுக்கு ஆடம்பரம். ஐந்து வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லை. ஒரு வீட்டில் டின் திறப்பான் இல்லாமல் கத்தியால் குத்தித் திறக்கப் போய் பையன் கையைக் கிழித்துக்கொண்டிருக்கிறான். டின் உணவைக் கொடுத்தது நாங்கள். அன்றிலிருந்து இழுத்துத் திறக்கிற வளையம் உள்ள டின்னுக்குத்தான் முதல் இடம். மற்ற டின் தருகிற வீட்டுக்கு ஒரு முறை திறப்பானும் சேர்த்துத் தருகிறோம்.

உணவு வங்கி என்ற யோசனையே ஒரு ஏழைத் தாயிடமிருந்து வந்ததுதான் என்பதைப் பின்னால்தான் படித்தேன். அமெரிக்காவில், அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில், ஜான் வான் ஹெங்கல் என்பவர் ஏழைகளுக்குச் சாப்பாடு போடுகிற இடத்தில் தன்னார்வலராக இருந்தார். பெரிய கடைகளின் குப்பைத் தொட்டியில் பொறுக்கித் தன் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் அவரிடம் சொன்னாராம்: பணத்தைப் போட்டு எடுக்க வங்கி இருக்கிற மாதிரி, சாப்பாட்டைப் போட்டு எடுக்கவும் ஒரு இடம் வேண்டும் என்று. 1967-ல் செயிண்ட் மேரிஸ் என்ற பெயரில் முதல் உணவு வங்கி அங்கே தொடங்கியது. எங்கள் கெட்டில் அம்மாவை நான் வேறு மாதிரி பார்க்க ஆரம்பித்தது இதைப் படித்த பிறகு.

சரி, அளவு. முதல் ஆறு மாதம் ஒரு குடும்பத்துக்கு 5 கிலோ தானியம் கொடுத்துவிட்டு "ஒரு மாதத்துக்கு ஆச்சு" என்று பேசிக்கொண்டிருந்தோம். பேரிடர் காலத்தில் உதவி செய்கிற அமைப்புகள் ஒரு ஆளுக்கு நாளைக்கு 2,100 கிலோகலோரி என்று வைத்துத் திட்டமிடுவார்கள். வழக்கமான கணக்கு ஏறக்குறைய 400 கிராம் தானியம், 60 கிராம் பருப்பு, 25 கிராம் எண்ணெய், அதோடு இன்னும் கொஞ்சம் சில்லறை. நாலு பேருக்கு ஒரு நாள் தானியம் மட்டும் 1.6 கிலோ. நாங்கள் பெருமையாகக் கொடுத்த 5 கிலோ மூன்றே நாள். யானைப் பசிக்குச் சோளப்பொரி.

இந்தக் கணக்கைக் குழுவில் போட்டுக் காட்டியபோது யாரும் பேசவில்லை. பிறகு இரண்டு வழிதான் இருந்தது: குடும்பங்களைக் குறைப்பது, அல்லது மாதம் முழுக்கத் தருகிறோம் என்ற பாசாங்கை விடுவது. இரண்டாவதைச் செய்தோம். "மாதத்தின் கடைசி வாரத்துக்கு நாங்கள் பொறுப்பு" என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டோம். சம்பளம் தீர்ந்து அடுத்தது வரும்வரை உள்ள அந்த ஏழு நாள்தான் பெரும்பாலான வீடுகளில் சட்டி காய்கிற நாள். ஒரு வாரத்தை முழுசாக நிரப்பினால் அந்த வாரம் கடன் வாங்க வேண்டாம், வேறு எதையும் விற்க வேண்டாம். மாதம் முழுக்கத் தூவிவிட்ட ஐந்து கிலோவுக்கு அந்த வலு கிடையாது.

இனி சேகரிப்பு. எங்களுக்குக் கைகொடுத்தது பை வைக்கிற முறை. ஒரு சனிக்கிழமை இரண்டிரண்டு பேராகப் போய் வீட்டுக்கு ஒரு காலிப் பை கொடுப்போம். பையில் ஒரு சீட்டு பின் செய்திருக்கும். அதில் அந்தத் தெருவுக்கு இரண்டே இரண்டு பொருள் எழுதியிருக்கும். முதல் தெருவுக்கு எண்ணெயும் பருப்பும், அடுத்த தெருவுக்கு பால் பவுடரும் ஓட்ஸும், அதற்கடுத்த தெருவுக்கு வளையம் வைத்த டின்னும் பிஸ்கட்டும். அளவையும் எழுதுவோம், "ஒரு லிட்டர், பிரிக்காதது" என்று. அடுத்த சனிக்கிழமை அதே நேரத்தில் அதே இரண்டு பேர் போய் வாங்கி வருவார்கள். அதே ஆள் என்பது முக்கியம். போன வாரம் பேசிய முகம் வந்து நின்றால், மறந்துபோனவர்கள்கூட உள்ளே ஓடிப்போய் ஏதாவது எடுத்து வருகிறார்கள். வெள்ளிக்கிழமை இரவு ஒரு நினைவூட்டல் அனுப்புவோம். அது இல்லாமல் போன மாதத்தில் பாதிப் பை காலியாகத் திரும்பியது.

இரண்டு பேருக்கு 40 வீட்டுக்கு மேல் ஒதுக்காதீர்கள். கணக்குப்படி வீட்டுக்கு மூன்று நிமிடம்தான் ஆக வேண்டும். ஆனால் தனியாக இருக்கிற வயதானவர்கள் விட மாட்டார்கள். உட்காரச் சொல்வார்கள், தண்ணீர் தருவார்கள், மகனைப் பற்றிப் பேசுவார்கள். எழுந்து வந்துவிடவும் முடியாது. அப்படி உட்கார்ந்த வீடுகளில் இரண்டு, பிறகு எங்கள் பட்டியலுக்கே வந்தன. வாசலில் இருந்து பேசியிருந்தால் தெரிந்திருக்காது.

பணமாகத் தரட்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. முதலில் வேண்டாம் என்றோம், கணக்கு வழக்கில் சந்தேகம் வரும் என்ற பயம். அது தப்பு. பணம் வந்தால் குறைகிற பொருளை மொத்தமாக வாங்கலாம், சில்லறையில் வாங்குவதைவிட அதிகம் கிடைக்கும். ஒட்டுப்போடுவது எங்கள் பையிலிருந்து நின்றது அதனால்தான். ஆனால் முதல் நாளே விதி வைத்துவிடுங்கள்: எண்ணும்போது இரண்டு பேர், ரசீது உடனே, வரவு செலவு மாதாமாதம் எல்லோரும் பார்க்கிற இடத்தில். நட்பாக இருக்கிறவர்களுக்குள்தான் இது அதிகம் தேவைப்படுகிறது.

இப்போது நான் அதிகம் பேச விரும்புகிற இடத்துக்கு வருகிறேன், பிரிக்கிற மேஜை. படம் எடுக்கத் தோன்றாத வேலை. வந்த பொருளை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, தேதி தேடி, தடித்த பேனாவால் மேலே பெரிதாக எழுதி, சீக்கிரம் காலாவதியாவது முன்னாலும் மற்றது பின்னாலும் வருகிற மாதிரி அடுக்க வேண்டும். தேதியை எங்கெங்கே அச்சடிக்கிறார்கள் என்று தனியாகக் கட்டுரையே எழுதலாம். மடிப்புக்குள், பசைக்கு அடியில், வெள்ளிக் காகிதத்தில் வெள்ளி எழுத்தில். டார்ச் இல்லாமல் உட்காராதீர்கள்.

தேதி இரண்டு வகை என்பதும் பலருக்குத் தெரியாது. "இந்தத் தேதிக்குள் பயன்படுத்துங்கள்" என்றால் அது பாதுகாப்பைப் பற்றியது, தாண்டினால் குப்பை. "இந்தத் தேதிக்கு முன் பயன்படுத்தினால் சிறப்பு" என்றால் அது ருசி, மொறுமொறுப்பு பற்றியது. சரியாக வைத்திருந்தால் கொஞ்சம் தாண்டியதும் பெரும்பாலும் கெட்டுப்போயிருக்காது. ஆனாலும் நாங்கள் எந்தத் தேதி தாண்டியதையும் கொடுப்பதில்லை. காரணம் பாதுகாப்பு மட்டும் இல்லை. பையைப் பிரித்ததும் வாங்கியவர் கண் போவது அந்தத் தேதிக்குத்தான், "நமக்கு இது போதும்னு நினைச்சிட்டாங்க" என்று அவர் நினைத்துவிட்டால் அதைத் திருப்பி எடுக்க முடியாது. வீணாக்கலாமா என்று குழுவில் கோபப்படுகிறவர்கள் உண்டு. ருசித் தேதி லேசாகத் தாண்டியதைத் தன்னார்வலர்களே வீட்டுக்கு எடுத்துப்போகலாம் என்று ஒரு வழி செய்தோம். கோபப்பட்டவர்களில் பாதிப் பேர் எடுத்துப்போவதில்லை என்பதையும் கவனித்தேன்.

டின்னில் விரலை ஓட்டிப் பாருங்கள். உப்பியிருந்தால், கசிந்திருந்தால், மூடியும் பக்கமும் சேருகிற விளிம்பில் நசுங்கியிருந்தால், துரு உரசினால் போகாத அளவு இருந்தால், யோசிக்காமல் தள்ளிவிடுங்கள். பாட்யூலிசம் என்கிற நோய் அரிதுதான், ஆனால் ஆளைக் கொல்லும். அதை உண்டாக்குகிற கிருமியின் நஞ்சை முகர்ந்தோ ருசி பார்த்தோ கண்டுபிடிக்க முடியாது. ருசி பார்ப்பதே ஆபத்து. அதே கிருமியால்தான் ஒரு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது. இது தெரியாமல், நல்ல பாட்டில் என்று ஆசையாக ஒரு கைக்குழந்தை வீட்டுப் பையில் வைத்துவிட்டோம். பை வெளியே போகிறபோது நர்ஸாக வேலை பார்க்கிற ஒரு அக்கா பார்த்து எடுத்தார். நாலு கேள்வியில் மூன்றாவது எதற்கு என்று அதுவரை கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பிறகு கேட்கவில்லை.

அப்புறம் வண்டு. முதல் வருடத்தின் பெரிய இழப்பு அதுதான். ஒரு வீட்டில் தங்கள் டிரம்மிலிருந்து அளந்து தானியம் கொடுத்தார்கள். நல்ல மனது. அதைப் பெரிய தொட்டியில் மற்றதோடு கொட்டினோம். மூன்று வாரம் கழித்துத் திறந்தால் மேல்பரப்பு லேசாக அசைகிறது. முதலில் கண்ணில்தான் கோளாறு என்று நினைத்தேன். கையை விட்டதும் தெரிந்துவிட்டது. தொட்டி மட்டுமில்லை, பக்கத்தில் வைத்திருந்த காகிதப் பொட்டலங்களிலும் துளை. ஒன்பது பை போனது. வண்டு தானியத்துக்குள்ளேயே முட்டையிடும், வெளியே ஒன்றும் தெரியாது. ஃப்ரீஸரில் நாலு நாள் வைத்தால் முட்டையும் சாகும் என்கிறார்கள். வீட்டில் இரண்டு கிலோவுக்கு அது சரி, இருநூறு கிலோவுக்கு எங்கே போவது? அதனால் பிரிக்காத பாக்கெட் மட்டும்தான் என்று விதி போட்டோம். தரையில் வைக்காமல் பலகைமேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, எதையும் எதோடும் கலக்காமல். அளந்து கொடுத்த அந்த அம்மாவிடம் அடுத்த மாதம் வேண்டாம் என்று சொன்னபோது அவர் முகம் வாடிவிட்டது. எப்படிச் சொல்லியிருக்கலாம் என்று இன்னும் யோசிக்கிறேன். அவர் வீட்டுப் பக்கம் இப்போதும் வேறு ஆளைத்தான் அனுப்புகிறேன்.

சமைத்த உணவு பற்றி எல்லோரும் கேட்பார்கள். ராத்திரி பதினொரு மணிக்குப் போன் வரும், விருந்து முடிந்தது, நூறு பேர் சாப்பாடு மிச்சம், வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று. ஆரம்பத்தில் இரண்டு முறை ஓடினோம். இப்போது மறுத்துவிடுகிறோம். சமைத்ததை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. சூடாக இருந்தால் 60 டிகிரி செல்சியஸுக்கு மேலே, குளிராக இருந்தால் 5 டிகிரிக்குக் கீழே. இடைப்பட்ட வெப்பம்தான் கிருமிக்குக் கொண்டாட்டம். எட்டு மணிக்குப் பரிமாறியது பதினொன்றுக்கு நம் கைக்கு வந்தால் கணக்கு ஏற்கெனவே முடிந்துவிட்டது. சோற்றில் இன்னொரு சிக்கல்: பேசிலஸ் செரியஸ் என்ற கிருமியின் வித்து வேக வைத்தாலும் சாகாது, ஆறிய சோற்றில் பெருகி நஞ்சை விடும், மறுபடி சூடு செய்தாலும் அந்த நஞ்சு போகாது. பசியோடு இருக்கிறவருக்கு வயிற்றுப்போக்கும் சேர்ந்தால் அவர் அடுத்த நாள் வேலைக்கும் போக முடியாது. குளிர்பெட்டியும் வெப்பமானியும் வண்டியும் வைத்து இதைச் சரியாகச் செய்கிற குழுக்கள் இருக்கின்றன, அவர்கள் எண்ணைத் தருகிறோம். நம்மால் முடியாததை முடியாது என்று சொல்லப் பழக எனக்கு ஒரு வருடம் ஆனது.

சட்டத்தையும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். நல்ல எண்ணத்தோடு உணவு தருகிறவரை வழக்கிலிருந்து காப்பாற்ற அமெரிக்காவில் 1996-லேயே சட்டம் வந்துவிட்டது. பிரான்சில் 2016-ல் இருந்து பெரிய கடைகள் விற்காத நல்ல உணவை அழிக்கக் கூடாது, தொண்டு அமைப்போடு ஒப்பந்தம் போட்டுக் கொடுக்க வேண்டும். உங்கள் இடத்தில் என்ன விதி என்று தெரிந்து வைத்திருந்தால், தயங்குகிற கடைக்காரரிடம் பேச எளிதாக இருக்கும்.

கொடுக்கிற இடத்தில் நாங்கள் செய்த பெரிய தப்பு ஒரு படம். யாரும் கெட்ட எண்ணத்தில் எடுக்கவில்லை. எங்களில் ஒருவர், பை வாங்குகிற பன்னிரண்டு வயதுப் பையனைச் சிரிக்கச் சொல்லி எடுத்து, நன்கொடையாளர்களுக்கு அனுப்பினார். அது சுற்றிச் சுற்றி அவன் வகுப்புக்குப் போய்விட்டது. அவன் இரண்டு நாள் பள்ளிக்குப் போகவில்லை என்று அவன் அம்மா வந்து சொன்னார். திட்டவில்லை, அழவில்லை, "இனி எங்களுக்கு வேண்டாங்க" என்றார். நாங்கள் போய் மன்னிப்புக் கேட்டோம், படத்தை எடுக்கச் சொன்னோம், ஆனால் போனது போனதுதான். அந்தக் குடும்பம் திரும்ப வரவே இல்லை. இப்போது படம் வேண்டும் என்கிற நன்கொடையாளருக்கு அலமாரியைப் படம் எடுத்து அனுப்புகிறோம். வாங்குகிறவர் முகம் வேண்டும் என்று அழுத்துகிறவர்களிடம் நன்கொடையே வேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம், இரண்டு முறை.

வரிசையையும் எடுத்துவிட்டோம். பகல் பன்னிரண்டு மணிக்கு, தெருவைப் பார்த்த வாசலில் நிற்க வைத்தால், வேலைக்குப் போகிறவர் வர முடியாது, மானத்துக்கு அஞ்சுகிறவர் வர மாட்டார். இப்போது மாலை ஆறிலிருந்து எட்டரை வரை, அவரவருக்கு ஒரு நேரம், பக்கவாட்டுக் கதவு. கட்டி வைத்த பையும் கிடையாது. மேஜையில் பொருளைப் பரப்பி, ஆள் எண்ணிக்கைக்கு இத்தனை தானியம், இத்தனை பருப்பு, இத்தனை மற்றவை என்று அளவு மட்டும் சொல்லி, அவர்களையே எடுத்துக்கொள்ளச் சொல்கிறோம். ஆளுக்கு ஆள் அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்தோம். நடந்தது நேர்மாறு. "இது வீட்ல இருக்கு, வேற யாருக்காவது ஆகட்டும்" என்று வைத்துவிட்டுப் போனவர்கள்தான் அதிகம். எட்டரைக்கு மேஜையில் மிஞ்சுவதைப் பார்த்தால் அடுத்த மாதம் எந்தத் தெருவிடம் எதைக் கேட்பது என்று தெரிந்துவிடும். சர்வே, கூட்டம் எதுவும் வேண்டாம். முதல் நாள் மிஞ்சியது என்ன என்று சொல்லத் தேவையில்லை.

காலம் பற்றி ஒரு சின்ன விஷயம். கொடுக்கிற மனசு வருடம் முழுக்க ஒரே மாதிரி இருக்காது. கொண்டாட்ட மாதங்களில் வைக்க இடம் இருக்காது, பள்ளிக்கூட நீண்ட விடுமுறையில் அலமாரி காலியாக இருக்கும். ஆனால் பள்ளியில் மதியச் சாப்பாடு சாப்பிடுகிற பிள்ளைகள் வீட்டில் இருப்பது அந்த விடுமுறையில்தான். இரண்டு பிள்ளை என்றால் வாரத்துக்குப் பத்து சாப்பாடு கூடுகிறது. அதனால் கெட்டுப்போகாத பொருளைக் கொண்டாட்ட மாதத்தில் ஒதுக்கி, விடுமுறைக்கு என்று எழுதி மூலையில் வைக்கிறோம். அதில் யாரும் கை வைக்கக் கூடாது. நான் உட்பட.

குழுவை விட்டுப் போனவர்களில் ஒருவர் சொன்னது மனதில் இருக்கிறது. "நீங்க ஓட்டைப் பானைல தண்ணி ஊத்துறீங்க. கூலி சரியா இருந்தா எதுக்கு இந்தப் பை?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் அவர் சொன்னதில் தப்பில்லை. ஐ.நா. அமைப்புகளின் கணக்குப்படி 2024-ல் உலகத்தில் ஏறத்தாழ 67 கோடிப் பேர் பசியோடு இருந்தார்கள். இன்னொரு பக்கம், 2022-ல் மட்டும் கடைகளும் உணவகங்களும் வீடுகளும் சேர்ந்து வீணாக்கிய உணவு 105 கோடி டன், அதில் 60 சதவீதம் வீடுகளில். உணவு இல்லாமல் இல்லை, வாங்கக் காசு இல்லை. நாங்கள் செய்கிற எதுவும் அதை மாற்றாது. இதைத் தெரிந்துகொண்டே செய்வது நல்லது, இல்லாவிட்டால் இரண்டாம் வருடத்தில் பெரிய ஏமாற்றம் வரும். அவர் இப்போது வேலைக் கூலி விஷயமாக வேறு இடத்தில் பாடுபடுகிறார். எங்களுக்கு மாதம் ஒரு பை பருப்பும் அனுப்புகிறார்.

கெட்டில் அம்மா இப்போது சனிக்கிழமைகளில் பிரிக்கிற மேஜையில் உட்காருகிறார். அவரே கேட்டார், சும்மா வாங்கிட்டுப் போக ஒரு மாதிரியா இருக்கு என்று. தேதி கண்டுபிடிப்பதில் எங்கள் எல்லோரையும் விடக் கெட்டி. கெட்டில் வீட்டுக்கு என்று தனிப் பெட்டி ஒன்று அவர் பொறுப்பில் இருக்கிறது: ஓட்ஸ், பால் பவுடர், வெந்நீர் ஊற்றினால் ஊறுகிற நூடுல்ஸ், வறுத்த கடலை, வளையம் வைத்த டின், பிஸ்கட். ஒரு பொருளை அதில் போடலாமா வேண்டாமா என்று நாங்கள் அவரிடம்தான் காட்டுவோம். வீட்டுக்கு எடுத்துப்போய்க் கெட்டிலில் ஊற வைத்துப் பார்த்துவிட்டு அடுத்த வாரம் தீர்ப்பு சொல்வார்.

போன வாரம் மூன்றாவது தெருவில் ஒரு தாத்தா, சீட்டில் பருப்பு, எண்ணெய் என்று எழுதியிருந்தும், இரண்டு பாக்கெட் உப்பைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் காத்திருந்தார். "இதுவும் வேணும்ல?" என்றார். வேணும் தாத்தா என்று வாங்கிக்கொண்டேன்.